கணக்கு முடித்துப் போன வணிகர்கள்

கொச்சியின் மிளகு, படகு, மின்சாரம் மூன்றிலும் யூதர்களின் கை இருந்தது. இன்று ஒரு தெருவின் பெயரில் இருக்கிறார்கள். அந்தத் தெருவிலேயே இல்லை.

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்குபவருக்கு இரண்டு வழிகள். மேற்கே கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் பத்மநாப சுவாமி கோயில், குளம், பழைய அரண்மனைகள். கிழக்கே சாலையைக் கடந்தால், திவான் ராஜா கேசவதாஸ் 18-ம் நூற்றாண்டில் அமைத்த சாலைக் கடைத்தெரு. மிளகு, சுக்கு, ஏலக்காய் மணக்கும் அந்தச் சந்தடியில் மலையாளத்துக்குச் சமமாகத் தமிழும் ஒலிக்கிறது. நெல்லை, நாகர்கோவில் பக்கமிருந்து வந்த வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள்.

இங்கே யூதத் தெரு எதுவும் இல்லை. ஆனால் இந்தக் கோட்டையைக் கட்டிய அரசரின் மிளகுக் கணக்கில் ஒரு யூதரின் பெயர் உண்டு. 1741-ல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மார்த்தாண்ட வர்மா, 1750-ல் நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். மிளகு வியாபாரத்தை மட்டும் எந்த வணிகருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. அது அரசின் ஏகபோகம் ஆயிற்று. விளைந்த மிளகு முழுவதும் அரசின் பண்டகசாலைக்கே வரவேண்டும். வேறு எங்கும் விற்கக் கூடாது. போரில் தோற்ற டச்சுக் கம்பெனி இப்போது அரசரிடம் கெஞ்சிப் பேசி மிளகு வாங்க வேண்டியிருந்தது. அந்தப் பேச்சுகளுக்காகத் திருவிதாங்கூர் அரசரிடம் கம்பெனி அனுப்பிய தூதர்களில் ஒருவர் எசக்கியேல் ரஹாபி. கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த யூதர். அரை நூற்றாண்டுக் காலம் கம்பெனியின் தலைமை வணிகராக இருந்தவர்.

1753-ல் மாவேலிக்கரையில் கையெழுத்தான உடன்படிக்கை அந்த வியாபாரத்தின் அளவைக் காட்டுகிறது. கையில் உள்ள நிலப்பகுதியிலிருந்து கண்டி 65 ரூபாய் விலையில் 3,000 கண்டி மிளகு. இனிமேல் பிடிக்கப்போகும் நாடுகளிலிருந்து கண்டி 54 ரூபாய் விலையில் 2,000 கண்டி. பதிலுக்கு ஆண்டுதோறும் 12,000 ரூபாய்க்கு ஆயுதங்கள். ஒரு கண்டி ஏறக்குறைய 250 கிலோ. ஒப்பந்தப்படி மிளகு வந்து சேரவில்லை என்ற புகார் டச்சுக்காரர்களிடம் பிறகும் ஓயவில்லை என்பது வேறு கதை.

யூதர்கள் வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள் என்று உலகம் சுலபமாகச் சொல்லிவிடுகிறது. கொச்சியின் கதை அவ்வளவு சுலபமானது அல்ல. இங்கே அவர்கள் வணிகர்களாக நிலைத்ததற்குக் காரணம் ரத்தத்தில் ஊறிய எதுவும் அல்ல. உள்ளூர் அரசர்கள் எழுதிக் கொடுத்த உரிமைகளும், கடல் கடந்து அவர்களுக்கு இருந்த உறவுகளும்தான். இரண்டும் இருந்தவரை தழைத்தார்கள். ஒவ்வொன்றாகக் குறைந்தபோது கடையைக் கட்டினார்கள்.

எழுதிக் கொடுத்த உரிமை என்பது இங்கே வெறும் பேச்சு அல்ல, செப்பேடு. முதல் சாட்சி, பிற்காலத்தில் திருவிதாங்கூராக வளர்ந்த வேணாட்டிலேயே கிடைக்கிறது. கி.பி. 849-ல் வேணாட்டு அரசர் அய்யனடிகள் திருவடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ கட்டிய தரிசாப்பள்ளி என்ற கிறிஸ்தவ ஆலயத்துக்குக் கொடுத்த மானியம் அது. ஆலயத்தையும் அதன் சொத்தையும் காக்கும் பொறுப்பு அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரண்டு வணிகக் குழுக்களிடம் விடப்பட்டது. தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இரண்டுமே பழக்கமான பெயர்கள். அஞ்சுவண்ணம் என்பது மேற்காசியாவிலிருந்து வந்த வணிகர்களின் குழு. சாட்சிக் கையெழுத்துகளில் சில அரபியில் உள்ளன, சில பாரசீகப் பஹ்லவியில். எபிரேய எழுத்தில் பாரசீக மொழியில் கையெழுத்திட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் யூதர்கள். ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் மானியத்துக்கு முஸ்லிம்களும் பார்சிகளும் யூதர்களும் சாட்சி நின்ற துறைமுகம் அது.

இரண்டாவது செப்பேடு இன்னும் முக்கியமானது. சுமார் கி.பி. 1000-ல் சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மன், முயிரிக்கோட்டில் இருந்தபோது ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குக் கொடுத்தது. ஏட்டில் அவர் பெயர் ஈசுப்பு இரப்பான். எழுத்து வட்டெழுத்து. தமிழ் தெரிந்தவர் படித்தால் பாதிக்கு மேல் புரியும். அஞ்சுவண்ணத்தின் தலைமையும் 72 விடுபேறுகளும் அவருக்கு வழங்கப்பட்டன. பகல் விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காகளம், வாசலில் தோரணம் என்று மரியாதைகளின் பட்டியல் நீள்கிறது.

வணிகருக்கு அவற்றைவிடப் பெரியது வேறொன்று. உல்கும் துலாக்கூலியும் கட்ட வேண்டியதில்லை. உல்கு என்பது சுங்கம். துலாக்கூலி என்பது சரக்கைத் தராசில் ஏற்றும்போது கட்டும் கூலி. நகரத்தில் மற்றவர்கள் அரசருக்குக் கட்டும் வரிகளை இவர்கள் கட்ட வேண்டாம். மற்றவர்கள் பெறும் உரிமைகளை இவர்களும் பெறலாம். உரிமை அவரோடு முடியவில்லை. மகனுக்கும் மகளுக்கும் மருமக்களுக்கும் தொடர்ந்தது. சாட்சிக் கையெழுத்திட்ட சிற்றரசர்களில் வேணாட்டு அரசர் கோவர்த்தன மார்த்தாண்டனும் ஒருவர். அந்தச் செப்பேடு கொச்சி பரதேசி யூதர்களின் பாதுகாப்பில் தலைமுறைகளாக இருந்துவந்தது. 2017 ஜூலையில் இஸ்ரேல் சென்ற பிரதமர் நரேந்திர மோடி, அந்நாட்டுப் பிரதமருக்கு இதன் நகலைத்தான் பரிசாகக் கொடுத்தார்.

அரசர்கள் ஏன் இவ்வளவு கொடுத்தார்கள்? சேர நாட்டிடம் மிளகு இருந்தது. அதை வாங்குகிறவர்கள் ஏடனிலும் கெய்ரோவிலும் இருந்தார்கள். நடுவில் மாதக்கணக்கில் கடல். சரக்கை அனுப்பிவிட்டுப் பணத்துக்காக அடுத்த பருவக்காற்று வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கரையில் பணம் வாங்கிவைக்க நம்பிக்கையான ஆள் வேண்டும். கெய்ரோவின் பழைய யூத ஆலயத்தில் கிடைத்த கடிதக் குவியல் இந்த வியாபாரம் நடந்த விதத்தைக் காட்டுகிறது. துனிசியாவிலிருந்து வந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூதர், 12-ம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் தங்கி மிளகும் ஏலமும் இரும்பும் அனுப்பினார். வெண்கலப் பட்டறையும் நடத்தினார். ஏடனில் இருந்த கூட்டாளிகள் உடைந்த பாத்திரங்களை அனுப்பி, உருக்கிப் புதுப் பாத்திரம் செய்து தரக் கேட்டார்கள். ஒரே மதம், ஒரே எழுத்து, கல்யாண உறவு ஆகியவற்றால் கட்டப்பட்ட நம்பிக்கைதான் மூலதனம். அரசர் கொடுத்த வரிவிலக்கு அதற்கு மேல் கிடைத்த லாபம்.

கொடுங்கல்லூரில் தழைத்த யூதக் குடியிருப்பு 16-ம் நூற்றாண்டில் சிதைந்தது. 1524-ல் உள்ளூர்க் கலவரம், பிறகு போர்த்துக்கீசியரின் கெடுபிடி. ஓடி வந்தவர்களுக்குக் கொச்சி ராஜா மட்டாஞ்சேரியில் தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். 1567-ல் யூதத் தெரு எழுந்தது. 1568-ல் பரதேசி யூதப் பள்ளி. அரண்மனைக் கோயிலுக்கும் யூதப் பள்ளிக்கும் இடையே ஒரே சுவர். சமூகத் தலைவருக்கு ராஜா கொடுத்த பட்டம் முதலியார். பறவூர் யூதப் பள்ளியை 1616-ல் கட்டியவரின் பெயரைக் கேட்டால் தமிழர்கள் ஒரு நிமிடம் திகைக்கலாம்: டேவிட் யாக்கோபு கஸ்தியேல் முதலியார். குடும்பப் பெயர் ஸ்பெயினிலிருந்து வந்தது. பட்டம் இந்த மண்ணில் கிடைத்தது.

போர்த்துக்கீசியர் 1662-ல் யூதப் பள்ளியைச் சேதப்படுத்தினார்கள். அடுத்த ஆண்டு கொச்சி டச்சுக்காரர்கள் கைக்குப் போனது. ஹாலந்தில் யூதர்களுக்கு வழிபாட்டு உரிமை இருந்தது. கொச்சியிலும் கதவு திறந்தது. 1686-ல் ஆம்ஸ்டர்டாமிலிருந்து மோசே பெரேரா டி பைவா தலைமையில் ஒரு குழு வந்து பார்த்தது. கொச்சியிலும் சுற்றுவட்டாரத்திலும் வெள்ளை யூதர் வீடுகள் 25, மலபார் யூதர் வீடுகள் 465 என்று அவர் எழுதிவைத்தார்.

டி பைவா குடும்பப் பெயர் சென்னைக்காரர்களுக்கும் அந்நியமானது அல்ல. அதே காலத்தில் சென்னை ஜார்ஜ் கோட்டையில் ழாக் டி பைவா என்ற போர்த்துக்கீசிய யூதர் கோல்கொண்டா வைரம் வாங்கிக்கொண்டிருந்தார். மத்தியதரைக் கடல் பவளம் கப்பலில் வந்து இறங்கும். வைரம் அதே வழியில் லண்டனுக்குப் போகும். 1688-ல் சென்னை மாநகராட்சி பிறந்தபோது ஆல்டர்மேன்கள் 12 பேரில் மூன்று பேர் யூத வணிகர்கள். அவர்கள் சீக்கிரமே மறைந்துபோனார்கள். வடசென்னையில் பவளக்காரத் தெரு என்ற பெயர் அந்த வியாபாரத்தை இன்றும் நினைவூட்டுகிறது.

சென்னை யூதர்களுக்கு வைரம் ஒன்றே தொழில். கொச்சியில் அப்படி இல்லை. எசக்கியேல் ரஹாபியின் தாத்தா 1646-ல் சிரியாவின் அலெப்போவிலிருந்து வந்தவர். அப்பா டேவிட்டும் வணிகர். 1694-ல் பிறந்த எசக்கியேல் மிளகோடு நிற்கவில்லை. கம்பெனிக்கு வேண்டியதை வாங்கிக் கொடுத்தார். கம்பெனி கொண்டுவந்ததை விற்றுக் கொடுத்தார். சொந்தக் கப்பல்களும் வைத்திருந்தார். டச்சு ஆவணங்களில் எபிரேயத்தில் கையெழுத்திட்டார். சாமூதிரியிடமும் தூது போனார். மலையாள நாட்டு அரசரோடும் டச்சு அதிகாரியோடும் பேரம் பேசத் தெரிந்த ஆள் கம்பெனிக்குத் தேவை. பணம் கொடுக்கும் வாடிக்கைக்காரர் அரசருக்குத் தேவை. இருவருக்கும் நடுவில் நின்றவர் இவர். கொங்கணி வணிகர்களும் இதே வேலையைச் செய்தார்கள். பாபா பிரபு அவர்களில் பெரியவர். ஆகவே கொச்சியின் வியாபாரம் யூதர்கள் மட்டும் கட்டிய வீடு அல்ல. ஆனால் அதன் ஒரு தூண் அவர்கள்.

சம்பாதித்ததில் ஒரு பங்கு தெருவுக்குத் திரும்பி வந்தது. யூதப் பள்ளியின் மணிக்கூண்டை 1760-ல் கட்டியவர் ரஹாபி. அதன் முகங்களில் எபிரேய எண்கள், ரோமன் எண்கள், மலையாள எண்கள். தொழப் போகிறவர், வியாபாரத்துக்கு வருகிற வெள்ளைக்காரர், அரண்மனைக்காரர் என்று யாருக்கும் மணி தெரிய வேண்டும் என்ற ஏற்பாடு. தரையில் பதித்த நீல வெள்ளைச் சீன ஓடுகளும் அவர் காலத்தில் கப்பலில் வந்தவை. 1771-ல் அவர் இறந்த பிறகு மகன்கள் தொழிலைத் தொடர்ந்தார்கள். 1795-ல் கொச்சி ஆங்கிலேயர் வசம் போனதும் டச்சுக் கம்பெனியை நம்பியிருந்த வியாபாரம் ஒடுங்கியது. எனினும் மரியாதை நீடித்தது. யூதப் பள்ளியின் திருச்சுருளுக்குத் தங்கக் கிரீடம் ஒன்றை 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூர் மகாராஜா அனுப்பிவைத்தார்.

இந்தப் படத்தில் தங்கக் கிரீடம் மட்டும் தெரிந்தால் போதாது. பரதேசிகள் என்ற வெள்ளை யூதர்கள் எந்தக் காலத்திலும் சில நூறு பேர்தான். கொச்சி யூதர்களில் பெரும்பான்மையினர் மலபார் யூதர்கள். அவர்களைக் கறுப்பு யூதர்கள் என்றார்கள். எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் பரவியிருந்தார்கள். இவர்களில் பறவூர் 18-ம் நூற்றாண்டிலேயே திருவிதாங்கூரோடு சேர்ந்தது. அங்கிருந்த யூதர்கள் திருவனந்தபுரத்தின் குடிமக்கள். சேந்தமங்கலத்தில் கிடைத்த சாராள் என்ற பெண்ணின் கல்லறைக் கல் 1269-ம் ஆண்டுக்குரியது. இந்தியாவில் தேதியோடு கிடைத்த மிகப் பழமையான எபிரேய எழுத்துகளில் இதுவும் ஒன்று.

மலபார் யூதர்களில் வசதி படைத்தவர்களும் இருந்தார்கள். பெரும்பாலோர் சின்ன வியாபாரிகள், கைத்தொழிலாளர்கள். முட்டை, கோழி, பழம் விற்றார்கள். இறைச்சிக் கடை வைத்தார்கள். தச்சு வேலையும் புத்தகக் கட்டு வேலையும் செய்தார்கள். எர்ணாகுளம் மார்க்கெட்டை ஒட்டி இன்றும் ஒரு யூதத் தெரு இருப்பது இவர்களால்தான். ரஹாபிகளின் வியாபாரம் வரலாற்று நூல்களில் ஏறியது. ஊருக்குத் தினமும் சோறு போட்ட வியாபாரம் இவர்களுடையது.

மூன்றாவதாக ஒரு பிரிவும் இருந்தது. வெள்ளை யூதர் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் சந்ததியினர். பரதேசிப் பள்ளியில் அவர்கள் உட்கார இருக்கை கிடையாது. முன்கட்டில் தரையில்தான் இடம். இந்தப் பிரிவில் 1882-ல் பிறந்தவர் ஏ.பி. சேலம். சென்னையில் படித்துப் பட்டம் பெற்று எர்ணாகுளத்தில் வக்கீலானவர். காங்கிரஸ்காரர். தொழிலாளர்களைத் திரட்டியவர். கொச்சி சட்டசபையில் யூதர்களின் பிரதிநிதி. ஹரிஜனங்களின் கோயில் நுழைவுக்காக நாடு கிளர்ந்த காலத்தில் இவர் தன் சொந்தப் பள்ளிக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். யூத காந்தி என்ற பெயர் அப்படி வந்தது. தடைகள் மெல்ல மெல்லத் தளர்ந்தன. யூதத் தெருவின் ஒரு பகுதி இன்று ஏ.பி. சேலம் சாலை. சாதிக்கு எதிராக ஆயிரம் வருட விடுபேறுகளை வாங்கிவைத்திருந்த சமூகம், சாதி பாராட்டும் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கிவிட்டதற்கு அந்தப் பெயர்ப்பலகை சாட்சி.

இருபதாம் நூற்றாண்டில் கொச்சியின் வியாபாரத்தில் யூதப் பெயர் என்றால் அது கோடர். பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். டேவிட் சசூனும் பாக்தாதிலிருந்துதான் பம்பாய்க்குப் போனார். சசூன்கள் ஆலையும் கப்பல் துறையும் கட்டினார்கள். கோடர்கள் செய்தது ஒரு சின்ன நகரத்துக்கு ஏற்ற அளவிலான வேலை. அதனாலேயே அந்த நகரத்தின் ஒவ்வொரு வீட்டையும் தொட்ட வேலை. டிபார்ட்மென்ட் ஸ்டோர் என்றால் என்ன என்று பலருக்கும் தெரியாத காலத்தில் பல கிளைகளோடு கடை நடத்தினார்கள். கொச்சிக்கு மின்சாரம் வழங்க கொச்சின் எலெக்ட்ரிக் கம்பெனியை நடத்தினார்கள். காயலைக் கடக்கப் படகுப் போக்குவரத்தையும் நடத்தினார்கள்.

படகின் அருமை கொச்சியின் நில அமைப்பைப் பார்த்தவர்களுக்கே புரியும். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் ஒரு கரை. எர்ணாகுளம் எதிர்க்கரை. நடுவே காயல். ராபர்ட் பிரிஸ்டோ 1920-க்குப் பின் துறைமுகத்தை ஆழப்படுத்தி வெலிங்டன் தீவை எழுப்பிப் பாலம் போடும் வரை, இரு கரைகளுக்கும் இடையே சரக்கும் ஆளும் படகில்தான் போக வேண்டும். குமாஸ்தா வேலைக்குப் போவதும், வக்கீல் கோர்ட்டுக்குப் போவதும், மிளகு மூட்டை கிட்டங்கிக்குப் போவதும் படகுக்காரர் புறப்படும் நேரத்தைப் பொறுத்தது. விளக்கெரியும் கடையும் குறித்த நேரத்துக்குப் புறப்படும் படகும் ஒரு துறைமுகத்தை நவீன நகரமாக்குகின்றன. இரண்டிலும் கோடர்களின் முதலீடு இருந்தது.

குடும்பத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் சாத்து கோடர் என்று அழைக்கப்பட்ட எஸ்.எஸ். கோடர். ஃபோர்ட் கொச்சியில் சிவப்பு நிற முகப்போடு நிற்கும் அவர்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர்ப் பிரமுகர்கள் கூடுவார்கள். 1968 டிசம்பரில் பரதேசிப் பள்ளியின் 400-வது ஆண்டு விழாவை இவர் முன்னின்று நடத்தினார். பிரதமர் இந்திரா காந்தி வந்தார். தபால்தலை வெளியானது. அரசர் செப்பேடு கொடுத்த இடத்தில் குடியரசு தபால்தலை கொடுத்தது. ஆனால் விழா நடந்தபோதே பள்ளியில் கூடத் தேவையான ஆட்கள் குறைந்துகொண்டிருந்தார்கள்.

1940-களின் இறுதியில் கொச்சி யூதர்கள் மொத்தம் சுமார் 2,500 பேர். 1948-ல் இஸ்ரேல் உருவானது. யாரும் இவர்களைத் துரத்தவில்லை. கொச்சியில் யூதர் என்பதற்காக உள்ளூர்க்காரர்களால் துன்புறுத்தப்பட்ட நினைவு ஏதும் இவர்களிடம் இல்லை. எருசலேமுக்குத் திரும்ப வேண்டும் என்று தலைமுறைகளாகப் பிரார்த்தித்தவர்கள் வழி திறந்ததும் புறப்பட்டார்கள். சின்ன வியாபாரம் செய்த மலபார் யூதர்களுக்கு இங்கே எதிர்காலம் பெரிதாகத் தெரியவும் இல்லை. யானைக்கால் நோய் பரவும் என்று பயந்து இஸ்ரேல் அதிகாரிகள் அனுமதி கொடுக்கத் தயங்கினார்கள். சேலமே 1953-ல் இஸ்ரேல் சென்று பேசினார். 1950-களின் நடுவில் ஊர் ஊராகப் புறப்பட்டார்கள். வீடுகளை விற்றார்கள். மாளாவில் யூதப் பள்ளியையும் கல்லறையையும் 1955-ல் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள்.

போனவர்களுக்குக் கிடைத்தது கடை அல்ல, வயல். நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் போன்ற கூட்டுறவுக் கிராமங்களில் விவசாயிகள் ஆனார்கள். சேந்தமங்கலத்திலிருந்து போன எலியாகு பெசலேல், பாலை மண்ணில் ரோஜா வளர்த்து ஏற்றுமதி செய்து பெயரெடுத்தார். இந்திய அரசு அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது கொடுத்தது. வியாபாரம் யூதர்களின் பிறவிக்குணம் என்று நம்புகிறவர்கள் நெவாத்திமைப் போய்ப் பார்க்கலாம்.

பரதேசிகள் உடனே போகவில்லை. அவர்களுக்கு இங்கே சொத்து இருந்தது. தென்னந்தோப்புகளும் கம்பெனிகளும் இருந்தன. சுதந்திர இந்தியாவில் அந்த அடித்தளம் ஒவ்வொன்றாகக் கரைந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடு வெளிநாட்டுச் சரக்கு விற்ற கடைகளைப் பாதித்தது. நிலச் சீர்திருத்தம் தோப்புகளைப் பாதித்தது. மின்சாரம் அரசின் கைக்குப் போனது. இவை எதுவும் யூதர்களுக்கு எதிராகச் செய்யப்பட்டவை அல்ல. குத்தகை விவசாயிகளுக்கு நிலம் கொடுத்த சட்டத்தைக் கேரளம் இன்றும் பெருமையோடு நினைக்கிறது. ஆனால் விசேஷ உரிமைகளால் வளர்ந்த ஒரு சமூகத்துக்கு, எல்லோருக்கும் ஒரே சட்டம் என்ற புதிய காலத்தில் தங்கிப் போராடும் அளவுக்கு ஆள்பலம் இல்லை. பிள்ளைகளுக்கு வரன் தேடவே வெளிநாடு போக வேண்டியிருந்தது.

வியாபாரம் மட்டும் தெருவை விட்டுப் போகவில்லை. ஆள் மாறியது. 1957-ல் மிளகு வணிகர்களின் சங்கம் யூதத் தெருவிலேயே தன் முன்பேர வணிகச் சந்தையைத் தொடங்கியது. குஜராத்திகளும் மலையாளிகளும் கூடிக் கூச்சலிட்டு விலை பேசினார்கள். அங்கே ஏறி இறங்கும் மிளகு விலையை உலக வணிகர்கள் கவனித்தார்கள். கணினி வந்து 2000-களில் அந்தக் கூச்சலும் அடங்கியது. கன்டெய்னர் வந்த பிறகு படகுத்துறைக் கிட்டங்கிகளுக்கு வேலை குறைந்தது. இன்று யூதத் தெருவில் காஷ்மீர் சால்வை, பழைய மரச்சாமான், வாசனைத் தைலம் விற்கும் கடைகளே அதிகம். வாங்குகிறவர்கள் சுற்றுலாப் பயணிகள்.

பழைய கட்டடங்களின் விதியும் பலவிதம். பறவூர், சேந்தமங்கலம் யூதப் பள்ளிகளை அரசு புதுப்பித்து அருங்காட்சியகமாக்கியது. மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் பள்ளி, ஆட்கள் போன பின் கயிற்றுக் கிட்டங்கியாக இருந்தது. அதன் செதுக்கு வேலைப்பாடுள்ள உட்புறத்தை ஜெருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகம் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்த சுவர்களில் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. கோடர் வீடு ஓட்டல் ஆகிவிட்டது.

தெருவில் கடைசி வரை கடை நடத்திய யூதப் பெண்மணி சாரா கோஹன். கையால் பின்னிய துணி வேலைகளை விற்றவர். 2019 ஆகஸ்டில் 96 வயதில் இறந்தார். பிள்ளைகள் இல்லை. அவரைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொண்டதும், கடையைத் தொடர்ந்து நடத்தியதும் ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்டில் சாத்து கோடரின் மகள் குயினி ஹல்லெகுவா 89 வயதில் இறந்தார். பரதேசிப் பெண்களில் அவர்தான் கடைசி. யூத முறைப்படி கூட்டுப் பிரார்த்தனைக்குப் பத்து ஆண்கள் வேண்டும். வெளியூரிலிருந்து யூதப் பயணிகள் வந்து சேர்ந்தால்தான் மட்டாஞ்சேரியில் அந்த எண்ணிக்கை தேறும் என்ற நிலை வந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

இதில் ஒரு முரண் இருக்கிறது. யூதர்கள் கொச்சிக்கு இன்றும் சம்பாதித்துக் கொடுக்கிறார்கள். டிக்கெட் வாங்கிச் சீன ஓடுகளைப் பார்க்க வருகிற கூட்டத்தை நம்பி நூற்றுக்கணக்கான கடைகள், விடுதிகள், ஆட்டோக்கள் உள்ளன. ஆனால் அந்தக் கூட்டத்துக்குக் காட்டப்படுவது ஓடுகளும் சரவிளக்குகளும்தான். எர்ணாகுளம் மார்க்கெட்டில் முட்டை விற்றவரைப் பற்றியோ, பள்ளியின் தரையில் உட்கார மறுத்த வக்கீலைப் பற்றியோ அறிய விரும்புகிறவர் தானாகத் தேடிக்கொள்ள வேண்டும். அவர்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது பணக்கார யூதர் என்ற பழைய பொம்மை மட்டுமே. அந்தப் பொம்மை மற்ற நாடுகளில் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பது உலகம் அறிந்தது. கொச்சியின் நிஜக் கதை அதற்கு நல்ல மறுப்பு. அந்தக் கதையைச் சொல்லத் தெரிந்தவர்கள் தெருவில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

கொச்சிக் காயலில் 2023 ஏப்ரலிலிருந்து வாட்டர் மெட்ரோ ஓடுகிறது. புகையில்லாத, சத்தமில்லாத மின்சாரப் படகுகள். படகும் மின்சாரமும் ஒரே குடும்பத்தின் இரண்டு கம்பெனிகளாக இருந்த ஊர் இது என்பது அதில் ஏறும் இளைஞர்களுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. கிழக்கேகோட்டைக்கு எதிரே சாலைக் கடைத்தெருவில் மிளகை நிறுத்துக் கொடுக்கும் தமிழ் வணிகர் தராசுக்குத் துலாக்கூலி கட்டுவதில்லை. அந்தச் சொல்லே வழக்கொழிந்துவிட்டது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு யூதருக்கு அந்தக் கூலியைத் தள்ளுபடி செய்த செப்பேட்டில் மட்டும் அது பத்திரமாக இருக்கிறது.